குறட்டை நின்றால் நிம்மதியா?

"குறட்டை நின்றதும் 'அப்பாடா' என்று கண்ணை மூடுவேன். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறியவர்போல் பெரிய சத்தத்தோடு மறுபடி ஆரம்பித்துவிடுவார்" என்று உங்கள் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த இடத்தைத்தான். அம்மா, இனி அந்த நேரத்தில் கண்ணை மூடாதீர்கள். அவர் நெஞ்சையும் வயிற்றையும் கவனியுங்கள். அவை ஏறி இறங்கியும் மூக்கிலோ வாயிலோ காற்று வரவில்லை என்றால், தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். 10 விநாடியாவது மூச்சு நின்றால் அதை ஒரு தடவையாகக் கணக்கெடுப்போம். மணிக்கு 5 தடவை வந்தாலே அது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். 30 என்றால் தீவிரம்.

ஒவ்வொரு தடவையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பித்தான் மூச்சை மீட்கிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தார், தூங்கவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி பவர் மாறியதால் என்று நீங்கள் நினைக்கும் காலைத் தலைவலி, டிவி முன்னால் தலை சாய்வது, இரண்டு மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம் எல்லாமே இதனால் இருக்கலாம். பரிசோதனை முடியும்வரை நெடுந்தூரம் கார் ஓட்ட விடாதீர்கள்.

குறட்டை விடுகிறவரெல்லாம் தூக்கத்திலேயே போய்விடுவார்கள் என்று சொல்லும் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். நடுவயது ஆண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வழக்கமாகக் குறட்டை விடுகிறவர்கள். பெரும்பாலோருக்குக் கெடுவது பக்கத்தில் படுப்பவரின் தூக்கம் மட்டுமே. தனி அறையில் படுத்தால் உறவு முறிந்துவிடும் என்கிறாராம் உங்கள் நாத்தனார். தூக்கமில்லாமல் தினமும் எரிந்து விழுவதைவிட அது மேல். ஆனால் இரண்டு இரவு பொறுங்கள், எனக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

யாரைக் கேட்டு அவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தீர்கள்? தளர்கிற தொண்டையை அது மேலும் தளர்த்தும், மூச்சு நின்றால் விழிக்கவும் விடாது. மதுவும் அப்படித்தான். வாயில் டேப் ஒட்டும் யோசனையையும் இன்றோடு விடுங்கள்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆப்னியா உறுதியானால் எடைக் குறைப்பும், முகக்கவசம் வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபாப் கருவியும் பலன் தரும். போகும்போது அவர் தூங்குவதைச் செல்போனில் படம்பிடித்துக்கொண்டு போங்கள். அவரைக் கேட்டால், குறட்டையே விடுவதில்லை என்றுதான் சொல்வார்.