நினைவு திரும்பாதவரின் சிகிச்சையை நிறுத்த ஏன் கோர்ட் வரை போகிறார்கள்?

நினைவில்லாமல் கிடப்பவருக்குக் கருவியை எடுப்பதா வேண்டாமா என்பதை வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்காமல் வருஷக்கணக்கில் ஏன் வழக்கு நடத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சண்டையின் வாசல் வரை போய்வந்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து 23 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இரண்டாவது வாரம் கண் திறந்தது. தம்பி கூப்பிட்டால் கண் அவன் பக்கம் திரும்பும், அடுத்த தடவை கூப்பிட்டால் திரும்பாது, அவனுக்கு அந்த ஒரு தடவை போதும். "அண்ணா, அப்பா என்னைப் பார்க்கிறார்" என்பான். அது தானாக நடக்கும் அசைவு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் நம்பினேன், அவன் நம்பவில்லை. ஒரு நாள் ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, "சொத்துக்காகத்தான் அவசரப்படுகிறாயா?" என்று கேட்டுவிட்டான். அதற்கு அப்புறம் பெஞ்சின் இரண்டு முனையில்தான் உட்கார்ந்தோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் டெரி ஷைவோ வழக்கை நான் படித்தேன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1990-ல், 26 வயதில், இதயம் நின்று மூளைக்கு ரத்தம் போகாமல் விழுந்தவர். உணவுக் குழாயை எடுக்கச் சொன்னார் கணவர், கூடாது என்றார்கள் அம்மாவும் அப்பாவும். 2001, 2003, 2005 என்று மூன்று தடவை குழாயை எடுத்தார்கள், முதல் இரண்டு தடவை திரும்பப் பொருத்தினார்கள். கடைசியில் இந்த ஒரு பெண்ணுக்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அதில் அதிபர் புஷ் கையெழுத்திட்டும், குழாயை எடுக்கலாம் என்ற தீர்ப்பு மாறவில்லை. 2005 மார்ச் 31-ல் இறந்தார். பலூனைப் பின்தொடர்ந்து அவர் கண் நகர்வது மாதிரி ஒரு வீடியோவைப் பெற்றோர் தரப்பு உலகத்துக்கே காட்டியிருந்தது. பிரேதப் பரிசோதனையில் மூளை 615 கிராம்தான் இருந்தது, இருக்கவேண்டியதில் பாதி. பார்வையும் இல்லை என்றார்கள். அந்தப் பெற்றோர் பொய் சொன்னதாக நான் நினைக்கவே மாட்டேன். என் தம்பியும் பொய் சொல்லவில்லையே.

கோமாவில் இருந்து சிலர், டெரி மாதிரி, கண் திறந்தும் உணர்வில்லாத நிலைக்கு வருவார்கள். கண் திறக்கும், தூங்கி விழிப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், முனகுவார்கள், ஆனால் தன்னையோ சுற்றி இருப்பதையோ உணர்வதற்கான அடையாளம் இருக்காது. மூளைச்சாவு வேறு, அதைப் பல நாடுகளில் சட்டமே மரணம் என்கிறது. வழக்குக்கு வருவது முக்கியமாக இந்தக் கண் திறந்த நிலைதான்.

சரி, கோர்ட் அங்கே எதைத் தேடுகிறது? யாருக்குப் பாசம் அதிகம் என்பதை இல்லை. இவரால் பேச முடிந்தால் என்ன சொல்வார் என்பதைத்தான் பல வழக்குகளில் தேடியிருக்கிறார்கள். ஷைவோ வழக்கில் சாட்சியமானது, என்றோ ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டின்போது தன்னை இப்படிக் கருவியில் வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாக உறவினர் நினைவுகூர்ந்த பேச்சு. மிசௌரியில் 1983-ல் கார் விபத்தில் நினைவிழந்த நான்சி க்ரூசன் வழக்கில், தெளிவான ஆதாரம் வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. அதற்குப் பிறகுதான் அவருடன் முன்பு வேலை பார்த்தவர்கள் அவர் விருப்பத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். அவரை வேறு குடும்பப் பெயரில் தெரிந்தவர்கள் என்பதால், செய்தியில் வந்த பெண் இவர்தான் என்றே அதுவரை அவர்களுக்குத் தெரியவில்லை. பிரான்ஸின் வின்சென்ட் லாம்பெர்ட் தானே மனநல செவிலியர். அப்படிப்பட்டவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. 2008-ல் விபத்து, 2019-ல் மரணம், இடையில் மனைவி ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது.

இந்தியாவில், 1973-ல் மும்பை மருத்துவமனையில் தாக்கப்பட்டு இந்த நிலைக்குப் போன நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கில் ரத்த உறவுகளே மோதவில்லை. வழக்குப் போட்டவர் ஒரு பத்திரிகையாளர். அன்றிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்ட அந்த மருத்துவமனை ஊழியர்கள், அருணா வாழட்டும் என்றார்கள். அவர் சார்பில் பேசும் உரிமை அவர்களுக்கே என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அது சரியாகப் பட்டது, தினம் உடம்பைத் துடைத்துவிட்டவர்கள் அவர்கள்தானே. முன்கூட்டியே விருப்பத்தை எழுதி வைக்கும் உரிமை 2018 தீர்ப்பில் கிடைத்தது. அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் எழுதினால் போதும் என்று 2023-ல் மாற்றினார்கள்.

எங்கள் வீட்டில் வழக்கு வரவில்லை, 23-வது நாள் தொற்று முற்றி அப்பாவே போய்விட்டார். கருவியை எடுக்கச் சொல்லும் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் தம்பி என்னோடு இன்றைக்குப் பேசியிருப்பானா, தெரியாது.

ஏழெட்டு மாசம் கழித்து, அவருக்கு இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். கோபப்படுவார் என்று பயந்தேன், அவர் முன்னாடியே யோசித்து வைத்திருந்தார். "பத்து நாள் பாருங்க, அதுக்கு மேல குழாய் வேண்டாம்" என்றார். தம்பி போனில் அதைப் பதிவு செய்தான். அதற்கு அப்புறம், "கண்ணைத் திறந்து பார்த்தா என்னம்மா செய்யறது?" என்று கேட்டான். அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, "பார்த்தாலும்தான்" என்றார்.