210 எப்படி 1024 ஆகும்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாக பிளஸ் டூவுக்குக் கணிதம் எடுக்கிறேன். தமிழ் வழி மாணவர்களுக்காக நுண்கணிதத்தில் எழுதி வைத்த குறிப்புகள் ஐந்து பெரிய நோட்டுகளாகச் சேர்ந்துவிட்டன. இந்தக் கோடை விடுமுறையில் அவற்றைப் புத்தகமாக்க நினைக்கிறேன். 250 பக்கம் வரும். கணக்குகள் மட்டுமே நானூறுக்கு மேல்.

எதில் தட்டச்சு செய்வது என்பதில்தான் குழப்பம். எங்கள் ஊர் டிடிபி கடைக்காரர் பேஜ்மேக்கரில் செய்து தருகிறேன், சமன்பாடுகளைப் படமாக ஒட்டிவிடலாம் என்கிறார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் வேர்டே போதும் என்கிறார். பொறியியல் படித்த என் அண்ணன் மகன் லாடெக்கைத் தவிர எதையும் தொடாதீர்கள் அத்தை என்கிறான். அவனுடைய நண்பன் டைப்ஸ்ட் என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறான்.

எனக்கு வேர்டில் வினாத்தாள் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். நிரல் எழுதத் தெரியாது. இந்த வயதில் லாடெக் படிக்க முடியுமா? தமிழ் அதில் ஒழுங்காக வருமா? இதுவும் நல்லது, அதுவும் நல்லது என்று எழுதாமல் ஒன்றைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

ஒன்றையே சொல்கிறேன். புத்தகத்துக்கு லாடெக், அதாவது உரையோடு கட்டளைகளையும் எழுதி அச்சுக்கோக்கும் மென்பொருள். அதற்குள்ளும் ஸீலாடெக் என்ற வகை. வினாத்தாளை இப்போது அடிப்பது போலவே வேர்டில் அடித்துக்கொள்ளுங்கள், அதை மாற்ற அவசரம் இல்லை.

காரணத்தைச் சொல்லும் முன் என் கதை ஒன்று. என் முதல் கணிதப் புத்தகத்தை நான் யுனிகோடில் தட்டச்சு செய்து ஓர் அச்சகத்துக்குக் கொடுத்தேன். அவர்களிடம் இருந்தது பழைய எழுத்துரு. என் கோப்பை அந்த எழுத்துருவுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது மேலே ஏறி நின்ற அடுக்குகள் எல்லாம் தரைக்கு இறங்கிவிட்டன. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024 என்று நான் எழுதியிருந்த வரி, 210 = 1024 என்று அச்சானது. இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தும் தப்பிவிட்டது, ஏனென்றால் என் கண் மனதில் இருந்ததைத்தான் வாசித்தது. புத்தகம் வந்து ஒரு மாதம் கழித்து ஒரு மாணவியிடமிருந்து தபால் அட்டை வந்தது. “210 எப்படி 1024 ஆகும்? நான் பல முறை போட்டுப் பார்த்தேன், வரவில்லை” என்று எழுதியிருந்தாள். அந்தப் பெண் தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்திருக்கிறாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கசக்கிறது. கதையில் ஓர் எழுத்து பிழையானால் வாசகர் தானே திருத்திப் படித்துக்கொள்வார். கணிதத்தில், முதன்முறை படிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் மென்பொருள் எது என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நான் எழுதிய கணிதம், நான் எழுதிய பொருளோடு கடைசிவரை போய்ச் சேருமா?

லாடெக்கில் அடுக்கு என்பது சிறிய எழுத்து, கொஞ்சம் மேலே என்ற தோற்றமாகச் சேமிக்கப்படுவதில்லை. “இது அடுக்கு” என்று ஒரு குறி போட்டு எழுதுகிறீர்கள். அந்தக் குறி சாதாரண எழுத்தாகக் கோப்பிலேயே கிடக்கும். நோட்பேடில் திறந்தாலும் தெரியும். இருபது வருடம் கழித்து வேறொருவர் திறந்தாலும் தெரியும். எழுத்துருவை மாற்றினால் அது காணாமல் போகாது.

இதன் பின்னணியில் இருப்பதும் ஒரு மெய்ப்புத் தாள்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், கணினி நிரலாக்கம் பற்றிப் பல பாகங்களாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முந்தைய பதிப்புகள் மோனோடைப் இயந்திரத்தில் ஈய எழுத்துகளால் கோர்க்கப்பட்டவை. 1977இல் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கு ஒளியச்சு முறையில் மெய்ப்பு வந்தது. பக்கங்களின் அழகே போய்விட்டிருந்தது, அவரால் சகிக்க முடியவில்லை. எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை நிறுத்திவிட்டு, அச்சுக்கோப்பதற்கான நிரலைத் தானே எழுத உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை ஏறக்குறைய பத்து வருடம் இழுத்தது. அப்படி வந்ததுதான் டெக். அதன்மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அத்தியாயம், பிரிவு, எண்ணிடல் எல்லாம் தானாக நடக்கும்படி கட்டியது லாடெக்.

டெக்கில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு கனூத் காசோலை அனுப்பினார். தொகை 2.56 டாலர், அதாவது 256 சென்ட், இரண்டின் எட்டாம் அடுக்கு. பின்னால் அது 327.68 டாலர் வரை போனது. புதிய வசதி எதையும் இனி சேர்ப்பதில்லை என்று முடிவு செய்து, பிழை திருத்தும்போது மட்டும் பதிப்பு எண்ணில் பை மதிப்பின் இன்னோர் இலக்கத்தைச் சேர்க்கிறார். 2021இல் அது 3.141592653 ஆனது. ஒரு மென்பொருளை இப்படி நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பழைய கோப்பைத் திறக்க முடியாமல் தவித்தவர்களுக்குத் தெரியும்.

வேர்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இங்கேதான் வருகிறது. வேர்டில் வெகுகாலம் சமன்பாட்டுக்கு இருந்தது ஈக்வேஷன் எடிட்டர் 3.0. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதால் 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான். ஆனால் பழைய ஆவணங்களில் சமன்பாடுகளைப் பார்க்க முடிந்ததே தவிர, அதே கருவியில் திருத்த முடியவில்லை. புதிய வடிவத்துக்கு மாற்றும் வழி பிறகுதான் வந்தது. 2007 முதல் வேர்டில் இருக்கும் புதிய சமன்பாட்டு முறை நன்றாகவே இருக்கிறது, அச்சிலும் பார்க்க அழகு. இரண்டு பக்க வினாத்தாளுக்கு அது தாராளமாகப் போதும். 250 பக்கத்தில் நானூறு கணக்குக்கும் சமன்பாட்டுக்கும் எண் கொடுத்து, “சமன்பாடு 3.14ஐப் பார்க்க” என்று வேறு அத்தியாயத்திலிருந்து சுட்டி, நடுவில் ஒரு கணக்கைச் சேர்த்த பிறகும் எல்லா எண்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதில்தான் உங்கள் கோடை விடுமுறை தீர்ந்துவிடும். லாடெக்கில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் எண்ணைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

பேஜ்மேக்கர் வேண்டாம். சமன்பாட்டைப் படமாக ஒட்டினால், ஒரு குறியைத் திருத்துவதற்குக்கூடப் புதுப் படம் செய்ய வேண்டும். எழுத்தின் அளவும் தடிமனும் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

இன்னொன்று, கணிதத்தில் இடைவெளிக்கும் பொருள் உண்டு. 5 − 3 என்பதில் கழித்தல் குறிக்கு இரு பக்கமும் சற்று இடம் வேண்டும். −3 என்பதில் அதே குறி எண்ணோடு ஒட்டி நிற்க வேண்டும். சமக்குறிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம். மாறியின் எழுத்து சாய்ந்திருக்கும், சைன், லாக் போன்றவை நிமிர்ந்திருக்கும். ஈய எழுத்துக் காலத்தில் இதையெல்லாம் கையால் செய்ய வேண்டியிருந்ததால் ஆங்கில அச்சகங்கள் கணிதத்துக்குக் கூடுதல் கூலி வாங்கின. டெக் ஒவ்வொரு குறியும் செயலா, உறவா, அடைப்பா என்று பார்த்து இடைவெளியைத் தானே வைக்கிறது. வகுப்பில் கரும்பலகையில் நீங்கள் கை பழக்கத்தில் விடும் இடைவெளியை அச்சில் நான் பார்த்தது இதில்தான்.

சரி, தமிழ். பழைய லாடெக் வகையில் தமிழ் நேரடியாக வராது, அதை முயன்று நேரத்தை விடாதீர்கள். “கொ” என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஸீலாடெக்குக்கு அடிப்படையாக இருக்கும், 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக் யுனிகோடை நேரடியாகப் படிக்கும், கணினியில் இருக்கும் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். நோட்டோ செரிஃப் தமிழ் போட்டுப் பாருங்கள், புத்தகத்துக்குப் பொருத்தமாக இருக்கும். லுவாலாடெக் என்ற இன்னொரு வகையிலும் தமிழ் வரும், ஆனால் எழுத்துருவை அழைக்கும்போது, எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் வழியாக என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். தொடங்குவதற்கு ஸீலாடெக் எளிது.

தமிழில் கணிதம் எழுதும்போது மட்டும் வரும் சில சங்கடங்கள் உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் இவை கிடைக்காது. நாம் குறியீட்டோடு வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறோம்: எக்ஸ்-இன், எக்ஸ்-ஐ, எக்ஸ்-க்கு. வரியின் கடைசியில் இது வந்தால் எக்ஸ் மேலேயும் “இன்” கீழேயும் போய்விடும். இரண்டையும் எம்பாக்ஸ் என்ற கட்டளைக்குள் போட்டால் பிரியாது. ஒவ்வொரு முறையும் எழுதாமல் ஒரு குறுங்கட்டளையாக முதலிலேயே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் வினைச்சொல். ஆங்கிலத்தில் தனி வரியில் நிற்கும் சமன்பாட்டோடு வாக்கியம் பெரும்பாலும் முடிந்துவிடும். நமக்கு அதற்குப் பிறகுதான் “என்க” என்றோ “எனக் கிடைக்கிறது” என்றோ வரும். சமன்பாட்டுக்குக் கீழே ஒரு வெற்று வரி விட்டால், லாடெக் புதிய பத்தி என்று எடுத்துக்கொண்டு “என்க” என்பதைத் தள்ளி எழுதும். வெற்று வரி விடாமல் தொடர்ந்து தட்டச்சு செய்தால் போதும். இது தெரியாமல் நான் ஒரு அத்தியாயம் முழுவதையும் மறுபடி திருத்தினேன்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சில வரிகள் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். டெக் ஒரு வரியை மட்டும் பார்த்து முறிப்பதில்லை. பத்தி முழுவதையும் பார்த்து, எங்கெங்கே முறித்தால் மொத்தமாக நன்றாக இருக்கும் என்று கணக்கிடுகிறது. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை அது. அப்படியும் இடம் போதவில்லை என்றால், எமர்ஜென்சி ஸ்ட்ரெட்ச் என்ற அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், பெரும்பாலான வரிகள் உள்ளே வந்துவிடும்.

உண்மையான சிரமம் என்று கேட்டால், விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிப்பதுதான். கட்டளைகள் ஆங்கில எழுத்தில், உரை தமிழில். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் விரல் பழகிவிடும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நுண்கணிதப் புத்தகத்துக்குத் தேவைப்படும் கட்டளைகள் நாற்பதுக்குள் அடங்கும்: பின்னம், மூலம், எல்லை, தொகைக்குறி, அணி, இப்படி. தொகையீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கு இது கடினம் இல்லை.

டைப்ஸ்டைச் சொன்ன அந்தப் பையனையும் நான் மறுக்கவில்லை. பெர்லினில் இரண்டு பேர் தொடங்கி 2023இல் வெளியிட்டது. பின்னத்துக்குச் சாய்கோடு போட்டாலே போதும், அடித்த மறுகணமே பக்கம் மாறித் தெரியும், பிழைச் செய்தியும் மனிதருக்குப் புரிகிற மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் புதிய பதிப்புகள் வரும்போது சில கட்டளைகள் மாறுகின்றன. உங்கள் புத்தகம் வருடா வருடம் திருத்தப்பட்டு மறுபதிப்பாக வேண்டியது. அதை இப்போதைக்கு மாறாத இடத்தில் வையுங்கள். வினாத்தாளில் வேர்டு சலித்தால் டைப்ஸ்டைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு காரணம், இது மாணவர்களுக்காக. வெளிநாட்டுக் கணித, அறிவியல் ஆய்விதழ்களை அச்சுக்கோக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய இருக்கின்றன. டெக் பயனர்களின் உலக மாநாடு 2002இல் திருவனந்தபுரத்திலேயே நடந்தது, உங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டினால் வந்துவிடுகிற இடம். உங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் உங்களோடு உட்கார்ந்து இதைப் பழகினால், கல்லூரியிலும் வேலையிலும் அவர்களுக்கு அது உதவும்.

தொடங்குவதற்கு எதையும் நிறுவ வேண்டாம். லாடெக்கை இணையத்திலேயே இயக்கும் ஓவர்லீஃப் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறவுங்கள். அமைப்புகளில் கம்பைலர் என்ற இடத்தில் ஸீலாடெக்கைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் அது எக்ஸ், இ என்ற எழுத்துகளில் தொடங்கும். இலவசக் கணக்கில் கோப்பைத் தொகுக்க நேர வரம்பு உண்டு. புத்தகம் வளர்ந்ததும் அது இடிக்கும், அப்போது டெக் லைவ் என்ற லாடெக் தொகுப்பை மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளலாம். சில ஜிபி இடம் பிடிக்கும், பணம் ஏதும் இல்லை. வரைபடங்களை ஜியோஜீப்ராவில் வரைந்து, லாடெக்கில் படம் வரையும் கட்டளைகளான டிக்ஸ் வடிவத்தில் ஏற்றுமதி செய்து அப்படியே ஒட்டலாம். படத்தில் இருக்கும் எழுத்தும் உரையின் எழுத்தும் ஒன்றாகவே வரும்.

ஐந்து நோட்டுகளையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். எல்லை பற்றிய அத்தியாயத்தில் பத்துப் பக்கம் மட்டும் அடித்து எனக்கு அனுப்புங்கள். எழுத்துரு, குறுங்கட்டளைகள், கணக்கு எண்ணிடல் எல்லாம் அடங்கிய முகப்புக் கோப்பு ஒன்றை நான் பல வருடமாக வைத்திருக்கிறேன். உங்கள் பத்துப் பக்கத்தை அதில் பொருத்தித் திருப்பி அனுப்புகிறேன். அடுக்குகளை மட்டும் உங்கள் மாணவி ஒருத்தியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்