அட்லாண்டாவிலிருந்து பெற்றோருடன் சவான்னா போகிறோம். இரண்டு நாளில் என்ன பார்க்கலாம்?

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன மார்ச் கடைசியில்தான் போய் வந்தேன். அதற்கு முன்பும் இரண்டு முறை போயிருக்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரப் பக்கத்து ஊர், காரில் நாலு மணி நேரம் ஆகும். பெரியவர்களோடு போகிறீர்கள் என்பதால் முதலில் ஒன்று: போனதும் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள்.

1733-ல் ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் இதற்குத் திட்டம் போட்டபோதே, ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் நடுவில் ஒரு சதுக்கம் விட்டார். மொத்தம் 24 சதுக்கங்கள் அமைந்தன. இன்று 22 இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு மூன்று நிமிட நடைதான். எல்லாவற்றிலும் நிழலும் பெஞ்சும் உண்டு. முழங்கால் வலியுள்ள என் அம்மா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்தே ஃபோர்சைத் பூங்கா நீரூற்று வரை வந்துவிட்டார். ஓக் மரங்களில் சாம்பல் நிறத்தில் தொங்குவதைப் பார்த்து விழுது என்றே நினைத்துவிட்டார். ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர். ஆனால் அது பாசியே இல்லை, அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தை உறிஞ்சாது, காற்றிலும் மழையிலும் கிடைக்கும் ஈரத்திலேயே வாழ்கிறது. கீழே கிடப்பதைக் கையில் எடுக்க வேண்டாம், கடிக்கிற சிறு பூச்சிகள் இருக்கும்.

பழைய வீடுகள் நிறைய இருக்கின்றன. நேரமில்லை என்றால் ஓவன்ஸ்-தாமஸ் இல்லம் ஒன்று போதும். 1819-ல் கட்டி முடித்த மாளிகை. மழைநீரைத் தொட்டிகளில் சேமித்து, குழாய் வழியாக மாடி வரை தண்ணீர் வரவைத்திருக்கிறார்கள். ஆனால் என்னை நிறுத்தியது பின்கட்டு. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தங்கிய அறைகள் அங்கே இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கூரையில் மங்கிப்போன நீல வண்ணம். கெட்ட ஆவிகள் அண்டாமலிருக்கப் பூசுவது வழக்கமாம். அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்ல வேப்பிலை கட்டுற மாதிரிடா" என்றார்.

அங்கிருந்து ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் உள்ள ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போங்கள். நேரம் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பகலெல்லாம் எஜமானுக்கு உழைத்துவிட்டு, இரவில் வந்து அடிமைப்பட்டிருந்த மக்களே கட்டிய கோயில் அது, 1859-ல் முடிந்தது. கீழ்த்தளத்தில் மரத்தரையில் சின்னச் சின்னத் துளைகள் வைர வடிவில் இருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு அது ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களுடைய வழிபாட்டுக் குறி. தரைக்கு அடியில் தப்பி ஓடுகிறவர்கள் ஒளிந்திருந்தார்கள், அவர்கள் மூச்சு விடத்தான் அந்தத் துளைகள் என்று சபையார் சொல்கிறார்கள். நான் குனிந்து ஒரு துளையில் விரல் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல்தான் நுழையும் போலிருந்தது.

அதே 1859 மார்ச்சில் இதே ஊரின் குதிரைப் பந்தய மைதானத்தில் 400-க்கும் மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகளை இரண்டே நாளில் ஏலம் விட்டு விற்றார்கள். அந்த இரண்டு நாளும் மழை கொட்டியதாம். 'அழுகைக் காலம்' என்றே அதற்குப் பெயர். ஊரின் மேற்குப் பக்கம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. சுற்றுலா வண்டி வழிகாட்டிகள் பேய்க்கதை சொல்கிற நேரத்துக்கு இதைச் சொல்வதில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த அழகான வீடுகளைப் பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

சாயங்காலம் சவான்னா ஆற்றங்கரையில் ரிவர் ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகள் இறங்கிய கிடங்குகள் இப்போது கடைகளாகவும் ஓட்டல்களாகவும் இருக்கின்றன. கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த கற்களையே தெருவில் பதித்திருக்கிறார்கள். மேட்டிலிருந்து இறங்கும் கல்படிகள் ரொம்பச் செங்குத்து, கைப்பிடியைப் பிடித்தும் அம்மா தடுமாறினார். சிட்டி ஹால் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, பெரியவர்களை அதில் கூட்டிப்போங்கள். கீழே நின்றால் கன்டெய்னர் கப்பல் ஒன்று ஒரு தெருவே நகர்வது போல முன்னால் போகும். ஆற்றைக் கடக்கும் படகுக்குக் கட்டணம் கிடையாது. அக்கரை போய் உடனே திரும்பினாலும் விளக்கு வெளிச்சத்தில் ஊர் முழுக்கத் தெரியும். 'கையசைக்கும் பெண்' சிலையையும் பாருங்கள். ஃபுளோரன்ஸ் மார்ட்டஸ் என்பவர், 1887 முதல் 1931 வரை வந்துபோன கப்பல்களுக்கெல்லாம் பகலில் கைக்குட்டையும் இரவில் விளக்கும் காட்டி வரவேற்றவர்.

சாப்பாடு: நாங்கள் சைவம், தேடித்தான் சாப்பிட்டோம். கறி, மீன் சாப்பிடுவீர்கள் என்றால் இறால் போட்ட கிரிட்ஸை விடாதீர்கள், நம் சோள ரவைக் கஞ்சி மாதிரி இருக்கும். 1919-ல் தொடங்கிய லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம் கடையில் வரிசை நீளம். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் புலாஸ்கி கோட்டை. ஏழரை அடி கனமான செங்கல் சுவர், யாராலும் உடைக்க முடியாது என்று நம்பியிருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டைபீ தீவிலிருந்து வடமாநிலப் படை புதுவகைப் பீரங்கியால் சுட்டதில் 30 மணி நேரத்தில் கோட்டை விழுந்தது. குண்டுகள் இன்னும் சுவரில் சொருகியபடியே இருக்கின்றன. காலையிலேயே போங்கள், அங்கே நிழல் குறைவு. அப்புறம் அப்படியே டைபீ கடற்கரை. கலங்கரை விளக்கத்துக்கு 178 படி. நானும் அப்பாவும் ஏறினோம், அம்மா மணலில் உட்கார்ந்து சிப்பி பொறுக்கினார்.