ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் இனி டெங்கு வராதா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு வயது 14. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்த கையோடு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். போன வாரம் மறுபடி காய்ச்சல். மூன்றாம் நாள் எடுத்த டெஸ்ட்டில் டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ், ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ். ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தன. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். "உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கும்மா, இனி டெங்கு வராது" என்றார் லேப்பில் இருந்தவர். பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டாவது தடவை வந்தாதான் ஆபத்து" என்கிறார். என் மாமனாருக்கு 2006இல் சிக்குன்குனியா வந்தது, அப்புறம் வரவே இல்லை. டெங்கு மட்டும் ஏன் திரும்ப வரும்? அவருக்கு இன்னும் முழங்கால் வலி இருக்கிறது. அதுவும் அந்தக் காய்ச்சலின் மிச்சமா?
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: லேப்பில் சொன்னது கால்வாசி சரி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது முக்கால்வாசி சரி. அவர் சொல்லாமல் விட்ட அந்தக் கால்வாசிதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

முதலில் ரிப்போர்ட். என்.எஸ்.1 என்பது ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதமே இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். மற்ற இரண்டும் ஆன்டிபாடியைப் பார்ப்பவை. ஒரு வைரஸ் உள்ளே வந்தால் உடம்பு அதைப் பிடிக்க ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், தயாரிக்கிறது. அவசரத்துக்கு முதலில் வருவது ஐ.ஜி.எம்., இரண்டு மூன்று மாதத்தில் மறைந்துவிடும். பின்னால் வந்து பல ஆண்டுகள் தங்குவது ஐ.ஜி.ஜி. தங்குவது என்று சொன்னாலும், ஒவ்வொரு ஐ.ஜி.ஜி. மூலக்கூறும் சராசரியாக மூன்று வாரம்தான் தாங்கும். எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கும் சில செல்கள் சளைக்காமல் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே உங்கள் மகனின் ரிப்போர்ட் சொல்வது, "இந்த உடம்பு டெங்குவை ஏற்கெனவே பார்த்திருக்கிறது" என்பதை மட்டுமே. அது உங்களுக்கு முன்பே தெரியும். இனி பார்க்காது என்று அதில் எங்கும் எழுதவில்லை.

அம்மை போட்டவருக்கு மறுபடி அம்மை வராது என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அது பொய்யா? இல்லை, தட்டம்மைக்கு அது அநேகமாக முழு உண்மை. வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் என்று ஒன்று இருக்கிறது. 1781இல் அங்கே தட்டம்மை வந்து போனது. பிறகு 65 வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் மறுபடி வந்தபோது, சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். விசாரிக்கப் போன பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: 1781இல் சிறுவயதில் அம்மை கண்ட கிழவர்கள் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. 65 வருடப் பாதுகாப்பு! ஆன்டிபாடி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது.

சிக்குன்குனியாவும் இந்த ஜாதிதான். எதிர்ப்பு சக்தியைப் பொறுத்தவரை அதில் ஒரே வகைதான் உண்டு. ஒருமுறை வந்தால் நீண்ட காலப் பாதுகாப்பு. இந்தக் கடற்கரைக்கு அது புதிதும் அல்ல. 1964இல் சென்னை, புதுச்சேரி, வேலூர் எல்லாம் வந்து போயிருக்கிறது. 1973க்குப் பிறகு நாட்டிலேயே காணாமல் போய், 2005 கடைசியில் திரும்பியது. அதற்குள் அதைப் பார்க்காத இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. அதனால்தான் 2006இல் வீட்டுக்கு வீடு ஆள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். (பெயரில் 'சிக்கன்' கேட்கிறது என்று கோழிக்கறியை நிறுத்தியவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அந்த வருடம் பாதி போனது.)

சளிக்காய்ச்சலும் கொரோனாவும் வேறு விதம். அவை அடிக்கடி வேஷம் மாற்றும், மூக்கிலேயே இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். பழைய நினைவு விழித்து எழுவதற்குள் தும்மல் வந்துவிடுகிறது. நோய் நுரையீரல் வரை முற்றாமல் தடுப்பதில்தான் அந்த நினைவு கைகொடுக்கிறது.

டெங்குவுக்கு வருவோம். டெங்கு என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அவர்கள் நான்கு அண்ணன் தம்பிகள். ஒன்றாம் வகை வந்தால் ஒன்றாம் வகைக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கும், பிறகு கரைந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான். மிச்சமிருக்கும் ஆன்டிபாடி இரண்டாம் வகை வைரஸைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. ரத்தத்தில் இருக்கும் சில வெள்ளணுக்களுக்கு ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்து அழிப்பது வேலை. அவை வழக்கம்போல இழுக்கின்றன, உயிரோடிருக்கும் வைரஸும் கூடவே உள்ளே போய் அங்கேயே பெருகுகிறது. கல்யாண மண்டபத்து வாசலில் யாரோ ஒருவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து, நாமே கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்த கதை.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. கியூபாவில் 1977இல் ஒன்றாம் வகை டெங்கு பரவியது, பெரிய சேதம் இல்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது, 158 பேர் இறந்தார்கள். அங்கேயே சாண்டியாகோ நகரில் 1997இல் இரண்டாம் வகை மறுபடி வந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெரியவர்கள். 1977 பரவலுக்குப் பிறகு பிறந்த இளையவர்களுக்கு அது முதல் டெங்கு, தப்பித்தார்கள். அதாவது முதல் டெங்குவின் நிழல் 20 வருடம் கழித்தும் விழுகிறது. "இரண்டு வருஷம் ஆகிவிட்டதே, இனி பரவாயில்லையா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஆன்டிபாடியின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. நிகராகுவாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வந்த ஆய்வு, நடுத்தர அளவில் ஆன்டிபாடி இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்றது. நிறைய இருந்தால் பாதுகாப்பு, அறவே இல்லாவிட்டாலும் அவ்வளவு ஆபத்து இல்லை. சாதாரண லேப்பில் தரும் 'பாசிட்டிவ்' இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐ.ஜி.ஜி. பார்த்துக் காசை விரயம் செய்ய வேண்டாம். பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு டெங்கு தடுப்பூசி போட்டார்கள். டெங்குவே வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசியே முதல் டெங்கு போல ஆகிவிடலாம் என்று 2017 நவம்பரில் தெரிந்து, திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. டெங்கு தடுப்பூசியில் எல்லோரும் நிதானம் காட்டுவது இதனால்தான்.

சரி, அக்கா சொல்லாமல் விட்ட கால்வாசி என்ன? இரண்டாவது டெங்குவும் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாகவே வந்து போகும். ஆபத்து கூடுகிறது என்றால், சின்ன எண்ணிலிருந்து கொஞ்சம் பெரிய எண்ணாகக் கூடுகிறது. இரண்டு வகை கண்டவருக்கு மூன்றாவது கடுமையாவது அபூர்வம்.

உங்கள் மகனுக்கு இனி எந்தக் காய்ச்சல் வந்தாலும், முதல் நாளே மருத்துவரிடம் "2024 டிசம்பரில் டெங்கு வந்தது" என்று சொல்லுங்கள். பழைய ஃபைலைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டாவது டெங்குவில் என்.எஸ்.1 சீக்கிரமே மறைந்துவிடலாம், ஐ.ஜி.எம்.மும் தாமதமாகலாம். நெகட்டிவ் என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாமல், மூன்றாம் நாளிலிருந்து ரத்த அணுக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்தே எல்லோரும் பதறுகிறார்கள். நான் அதனோடு பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் பார்ப்பேன், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதைச் சொல்வது அதுதான். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். "ஒரு ஊசி போட்டா உடனே இறங்கிடும்" என்று டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ள வேண்டாம், ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது. கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் கொடுங்கள். நிலவேம்புக் கஷாயம் குடிப்பதானால் குடிக்கட்டும், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிழைத்தோம் என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடும்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், தூங்கி வழிதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல், இதில் ஒன்று தெரிந்தாலும் கடலூர் அரசு மருத்துவமனையோ ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்கினால் தண்ணீர் பேரல், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கும், இரவு கொசுவலை மட்டும் போதாது.

மாமனாரின் முழங்காலைக் கேட்டிருந்தீர்கள். சிக்குன்குனியா வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நீடிக்கும். அது வைரஸ் மறுபடி வந்ததால் அல்ல. ஆனால் இத்தனை வருடம் கழித்து, படி இறங்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் வலிக்கிறது என்றால், அநேகமாகத் தேய்மானமாக இருக்கும். ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.