பாவித்த தொட்டிலில் புகை மணம்: முதலில் எந்தப் புகை என்று பாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு இது ஏழாம் மாதம். வவுனியாவில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறதென்று பிள்ளைச் சாமான்களை மலிவாகக் கொடுத்தது. தள்ளுவண்டில், ஸ்பொஞ் மெத்தையோடு மரத்தொட்டில், ஒரு பை உடுப்பு. கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து பிரித்தால் எல்லாம் புகை மணம். சவர்க்காரம் போட்டுத் தோய்த்தும் போகவில்லை. மணமருந்து அடிக்க மனமில்லை. சாம்பிராணி போடு என்கிறா அம்மா. வீட்டில் இருப்பதை வைத்தே போக்கலாமா?

பதில்: தங்கச்சி, சாம்பிராணி வேண்டாம். அது மணத்தை மூடுமே தவிர எடுக்காது. புகைக்கு மேலே இன்னொரு புகை.

முதலில் இது குசினிப் புகையா, சிகரெட் புகையா என்று பாருங்கள். வெள்ளைத் துணித்துண்டில் கொஞ்சம் வினாகிரி நனைத்து, தள்ளுவண்டிலின் கைபிடியையும் மடிப்பு மூட்டுகளையும் அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பும் சாம்பலுமாகக் கரி வந்தால் பெரும்பாலும் விறகு அடுப்பு. மஞ்சளாக, தேத்தண்ணிச் சாயம் போல வந்து, வினாகிரி மணத்தையும் மீறிப் பழைய புகையிலை நெடி அடித்தால் சிகரெட், பீடி, சுருட்டு. நம் பக்கத்தில் விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே ஏணை கட்டுகிற வீடுகள் உண்டு. அதனால் புகை மணம் என்றதும் சிகரெட் என்று முடிவு கட்டத் தேவையில்லை.

குசினிப் புகை என்றால் அவ்வளவு பயமில்லை. அதில் அசற்றிக் அமிலம் போன்ற அமிலங்கள் இருக்கும், அவற்றை அப்பச்சோடா முறிக்கும். உடுப்பை முதலில் நன்றாக உதறி, ஒரு நாள் கொடியில் காற்றாடவிட்டு, அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கை அப்பச்சோடா கரைத்து இரவு ஊறவைத்துத் தோயுங்கள்.

சிகரெட் என்றால் வினாகிரிதான். நிக்கொட்டின் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் உப்பாக மாறித் தண்ணீரோடு கழன்று போகும். ஒரு வாளிக்கு ஒரு கோப்பை, ஒரு மணித்தியாலம் ஊறவைத்து அலசி, அதற்குப் பிறகு சவர்க்காரம். மணம் மிச்சமிருந்தால் இன்னொரு தரம். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள்; நுரைத்துப் பொங்குவது பார்க்க அழகு, ஆனால் ஒன்றை ஒன்று அழித்து இரண்டும் வீண். வினாகிரியோடு குளோரின் கலந்த வெளுக்கும் திராவகம் சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி? வன்னியில் பல இடங்களில் தண்ணீர் கடினம், சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் வெள்ளைப் படையாகத் தங்கும். அந்தப் படைக்குள் மணமும் மாட்டிக்கொள்ளும். நீங்கள் தோய்த்தும் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசி அலசலுக்குக் கொஞ்சம் வினாகிரி விட்டால் படை கரையும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மெத்தை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. சிகரெட் மணம் பிடித்த ஸ்பொஞ்சுக்குக் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தாயிற்று என்றால் எறியுங்கள். அதன் உள்ளறைகளுக்குள் புகை போய்விடும். மேலே துடைத்தால் மேல்மணம் போகும். தண்ணீரில் தோய்த்தால் உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். சிகரெட் எச்சம் மாதக் கணக்கில் பொருட்களில் ஒட்டியிருக்கும். அந்த நிக்கொட்டின் காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைத்திரசமீன்களாக மாறுவதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிள்ளை முகத்தை வைத்துப் படுக்கிற இடம் அது. தொட்டில் அளவுக்குப் புதிதாக ஒன்று வெட்டுவித்து வாங்குங்கள், இறுக்கமானதாக.

மரச்சட்டத்தை வினாகிரித் தண்ணீரால் துடைத்து உடனே காயத் துடையுங்கள். பூசாத மரமாயின் மெல்ல அரத்தாள் போட்டு, தூளை ஈரத்துணியால் எடுக்கலாம். மணத்தை அடக்கப் புது வார்னிஷ் அடித்துக் கையோடு பிள்ளையைப் போடாதீர்கள். துடைக்கும்போதே தொட்டிலையும் பாருங்கள்: கம்பிகளுக்கு இடையே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்குகிற வகை என்றால் வேண்டாம். பிள்ளைகள் இடையில் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011இலேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

தள்ளுவண்டிலின் துணியைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தோயுங்கள். பட்டிகளைத் துடைத்தால் போதும். சோளகம் வீசுகிற வைகாசி, ஆனி மாதங்களில் இந்த வேலை பாதி தானாக நடக்கும். மாரியில் ஈரக்காற்றில் மணம் திரும்பத் திரும்பக் கிளம்பும். வெயிலில் காயவிடலாம், ஆனால் நாட்கணக்கில் விட்டால் பிளாஸ்ரிக்கும் பட்டியும் இற்றுப்போகும்.

மணம் போனதா என்று பார்க்க, உடுப்பைச் சொப்பின் பையில் இறுகக் கட்டி அரை மணித்தியாலம் வெயிலில் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள். ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும். இனி வாங்கும்போது காசு கொடுக்கமுன் இதைச் செய்யுங்கள். வாசனை தூக்கலாக அடிக்கிற சாமானில் எனக்குச் சந்தேகம் வரும். பூச்சி உருண்டை மணத்தில் இன்னும் கூட: சிவப்பணுக்களைக் காக்கிற ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவான பிள்ளைகளுக்கு, அந்த உருண்டையிலுள்ள நப்தலீன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரலாம். பிள்ளைக்கு அந்தக் குறை இருப்பது இரத்தம் சோதிக்காமல் தெரியாது.

வீட்டுக்காரரிடம் வாங்கியதை அவர்கள் திருப்பி எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் மனம்தான். கடையில் வாங்கி ஏமாந்தால் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள்.

கேள்வி: வினாகிரிக்குப் பதிலாகத் தேசிக்காய்ப்புளி பாவிக்கலாமா? தென்னங்கள் வினாகிரிதான் இயற்கை என்கிறார்களே? (முல்லைத்தீவு வாசகி)

பதில்: தேசிக்காயும் அமிலம்தான், வேலை செய்யும். நன்றாக அலசாவிட்டால் ஒட்டும், எறும்பு வரும். ஒரு வாளிக்கு எத்தனை காய் பிழிவது என்பது வேறு கதை. தென்னங்கள் வினாகிரி நிறமாக இருந்தால் வெள்ளை உடுப்பில் கறை படியலாம். தோய்க்கிற வேலைக்குக் கடையில் விற்கிற தெளிந்த மலிவு வினாகிரியே போதும். நல்லதைக் கறிக்கு வையுங்கள்.