ரோபோவா, ஊசியா, கட்டா? மூட்டு வலிக் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முழங்காலைப் பற்றியவை. எலும்பு மூட்டு அறுவை மருத்துவன் என்ற முறையில் முடிந்தவரை சொல்கிறேன். ஸ்கேன் படத்தை மட்டும் அனுப்பி "ஆபரேஷன் தேவையா?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். காலைத் தொட்டுப் பார்க்காமல் அதைச் சொல்வது சரியில்லை.

அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ரோபோ மூலம் மூட்டு மாற்றினால்தான் நல்லது என்கிறார்கள், ஆனால் செலவு கூடுதல். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா டாக்டர்?

ரோபோவுக்காகக் கடன் வாங்காதீர்கள். ரோபோ என்றதும் இயந்திரம் தானாக அறுவை செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று பரவலாக இருக்கும் கருவிகளில் ரம்பம் டாக்டரின் கையில்தான் இருக்கும். எலும்பை எந்தக் கோணத்தில், எத்தனை மில்லிமீட்டர் வெட்டுவது என்று கணினி கணக்குப் போட்டுத் தரும். அந்த எல்லையைத் தாண்டாமல் இயந்திரக் கை பிடித்துக்கொள்ளும். வெட்டு துல்லியமாக விழுகிறது, அது உண்மை. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது வலி குறைவதும் மூட்டு நெடுநாள் உழைப்பதும். முந்தைய தலைமுறை ரோபோவை வைத்து கொரியாவில் பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்தபோது, சாதாரண முறைக்கும் அதற்கும் இந்த இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை.

சாதாரண முறையே எவ்வளவு நல்லது என்பதை யாரும் சொல்வதில்லை. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, மாற்றிய முழு முழங்கால் மூட்டுகளில் 100க்கு சுமார் 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. மூட்டின் விலையையும் பாருங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தபோது, பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வைத்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் டாக்டரிடம் இரண்டு கேள்வி: வருடத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறீர்கள்? முடிந்தபின் பிசியோதெரபி யார் பார்ப்பார்கள்? ரோபோ இருக்கிறதா என்பதைவிட இவை முக்கியம்.

ரத்தத்தை எடுத்துச் சுழற்றி முட்டியில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிகிச்சையில் ஜவ்வு வளருமா சார்?

வளராது. நீங்கள் ஜவ்வு என்பது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. ஆஸ்திரேலியாவில் 288 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு பி.ஆர்.பி.யும் மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீரும் போட்டார்கள். 2021இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்து வலியிலும், எம்.ஆர்.ஐ.யில் அளந்த குருத்தெலும்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உப்பு நீர் போட்டுக்கொண்டவர்களுக்கும் வலி குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கேட்டது" என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் அதை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள்.

வயது 52. எம்.ஆர்.ஐ.யில் முழங்கால் சவ்வு கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. துளை போட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

இந்தச் சவ்வு மேலே சொன்ன ஜவ்வு அல்ல; மூட்டில் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருப்பது (மெனிஸ்கஸ்). இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் நாங்கள் கற்ற பெரிய பாடமே எதைச் செய்ய வேண்டாம் என்பதுதான்.

2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு உண்மையாகவே துளை வழியே மூட்டைச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்துவிட்டார்கள். எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்தும் இரு தரப்புக்கும் வலி ஒரே மாதிரி இருந்தது. 2013இல் பின்லாந்தில், வயதால் கிழிந்த சவ்வுக்கு இதே மாதிரி செய்து பார்த்து இதே முடிவைக் கண்டார்கள். இந்த அறுவையை நானும் பலருக்குச் செய்திருக்கிறேன். இன்று அவர்களில் பலரிடம் பயிற்சியைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு சவ்வுக் கிழிசல் தலை நரைப்பது மாதிரி. வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் தெரியும். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றாலோ, விளையாட்டில் திடீரெனக் கிழிந்தாலோ கதை வேறு. அப்போது தாமதிக்காதீர்கள்.

மற்றவர்கள் இன்றே இதைத் தொடங்குங்கள். காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல் முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். தொடையில் கை வைத்துப் பார்த்தால் சதை கல்லாக இறுகுவது தெரிய வேண்டும். பத்து முறை, காலையும் மாலையும். இரண்டு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பழகுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எடை குறைக்கும் ஊசி முட்டி வலிக்கும் நல்லது என்கிறார்களே?

உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, ஆம். செமாகுளூடைடு என்ற எடை குறைக்கும் ஊசியைப் பற்றி 2024இல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் எடை சுமார் 14 சதவீதம் குறைந்தது. வலியும் போலி ஊசி போட்டவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. எடையோடு தசையும் கரையும் என்பதால் மேலே சொன்ன பயிற்சியை விடக்கூடாது. டாக்டர் பார்க்காமல் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து.

பாட்டிக்கு 81 வயது. நேற்று பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு, கட்டுப் போட்டால் போதும்" என்கிறார்கள் உறவினர்கள்.

தம்பி, இதைப் படித்ததும் பாட்டியை மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். இடுப்பெலும்பு என்று சொன்னாலும், இப்படி விழுந்தால் பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்முனை. கையைச் சுற்றிக் கட்டுவதுபோல் அந்த இடத்தைக் கட்டி அசையாமல் நிறுத்த முடியாது. படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரிசையாக வரும். பாட்டிக்கு ஆபத்து வயதைவிட அந்தப் படுக்கையால்தான் அதிகம். 2020இல் வந்த பெரிய பன்னாட்டு ஆய்வில், சில மணி நேரத்திலேயே அறுவை செய்தபோது, வழக்கம்போல் காத்திருந்து செய்தவர்களைவிட இறப்பு குறையவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். பெரும்பாலானவர்களை மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைக்கிறோம்.

வீட்டுக்குப் போகும்முன் எலும்பு அடர்த்திக்கு மருந்து கேளுங்கள். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் இருக்கிறது. ஊசி என்றால் அடுத்த தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். மாற்று மருந்தில்லாமல் அதைப் பாதியில் நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும்.