இலங்கை நீதியரசர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார்? ஏன்?

சி. ஜி. வீரமந்திரி.

நான் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் தொழில் செய்கிற சட்டத்தரணி. இங்கே அவர் பெயரை எடுத்தால் மூத்தவர்கள் உடனே அணுவாயுத விவகாரத்தைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 1996இல் த ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அது பற்றித் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டபோது, முக்கியமான பந்தியில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால்தான் அது நிறைவேறியது. ஒரு நாடே அழியும் நிலை வந்தால் அணுவாயுதத்தைப் பாவிக்கலாமா என்ற கேள்விக்கு அந்தப் பந்தி முடிவு சொல்லவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது, அது சட்டவிரோதம் என்று வீரமந்திரி நீண்ட மாற்றுக் கருத்து எழுதினார்.

ஆனால் எனக்கு அவர் நெருக்கமானது குளங்களால்.

ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் தன்யூப் ஆற்றில் அணைகள் கட்ட 1977இல் ஒப்பந்தம் செய்தன. சூழல் கெட்டுவிடும் என்று ஹங்கேரி இடையில் கைவிட்டது. செக்கோஸ்லோவாக்கியா 1992இல் ஆற்றைத் தன் நிலத்துக்குள் திருப்பியது. வழக்கு அதே சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1997இல் தீர்ப்பு வந்தது. இரு தரப்பிலும் பிழை. அப்போது நீதிமன்றத்தின் உப தலைவராக இருந்த வீரமந்திரி தனிக்கருத்து ஒன்று எழுதினார். அபிவிருத்தியும் சூழலும் சேர்ந்தே போக வேண்டும் என்பது நேற்று வந்த யோசனை அல்ல, அது சட்டம், பழைய சமூகங்கள் அப்படித்தான் வாழ்ந்தன என்று காட்ட அவர் எடுத்த பெரிய சாட்சி நம் நாட்டுக் குளங்கள். பறவைக்கும் விலங்குக்கும் இந்த நிலத்தில் உனக்குள்ள அதே உரிமை உண்டு, நீ காவலன் மட்டுமே என்று, இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் அரசனுக்குச் சொன்னதையும் அதில் சேர்த்தார். வண்டல் பெரிய குளத்துக்குள் போகாமல் மறிக்கிற சிறு குளங்களையும் விடவில்லை. அப்புறம், ஊருக்கு மேலே காட்டுக்குள் வயலுக்காக அல்லாமல் மிருகங்கள் குடிக்கவென்றே வெட்டிய குளங்கள்.

அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். அம்மப்பா வவுனியாப் பக்கம் கமம் செய்தவர். எங்கள் ஊர்க் குளத்துக்கு மேலே பற்றைக்குள் ஒரு சின்னக் குளம் இருந்தது. தண்ணீர் திறந்துவிடத் துருசு இல்லை, வாய்க்கால் இல்லை. ஏன் என்று சின்ன வயதில் கேட்டேன். “அது மிருகங்களுக்கு” என்றார்.

வாழ்க்கைக் குறிப்பு கேட்பவர்களுக்கு: 1926இல் கொழும்பில் பிறந்தவர், றோயல் கல்லூரி மாணவர். 1967இல், நாற்பது வயதில், உயர் நீதிமன்ற நீதியரசர். 1972இல் அதை விட்டு அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1991 முதல் 2000 வரை த ஹேக். பிறகு கொழும்புக்கே திரும்பி, சமாதானக் கல்விக்கென ஒரு நிலையம் அமைத்தார். 2017 ஜனவரியில் காலமானார்.

அந்தத் தனிக்கருத்தில் குளங்கள் வரும் பக்கங்களை மட்டும் தமிழாக்கி, வெள்ளவத்தை வீட்டில் அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு அப்போது கண் தெரியாது. வாசித்து முடித்ததும், “காட்டுக்குளத்தையும் எழுதினவரோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். அந்தப் பந்தியை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.